ஐந்து பேருக்கான படிவம்

அருட்தந்தை அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் அதிகாரிகளே, சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் மாக்ரெட்டின் கணவர் பற்றிக், மகள் றஷ்மி, கைக்குழந்தைகளோடு வந்து பின்னால் நிற்கும் தாய்மாரே, எல்லோருக்கும் என் வணக்கம். நிற்கும் தாய்மாருக்கு முதலில் கதிரை கொடுங்கள். மாக்ரெட் இருந்திருந்தால் இந்தக் கூட்டம் அதிலிருந்துதான் தொடங்கியிருக்கும்.

மேடையில் ஒன்பது பேர் இருக்கிறீர்கள். வெள்ள முகாம் திறந்திருந்த பதினெட்டு நாளில் உங்களில் மூவரை நான் அங்கே கண்டேன். மற்ற ஆறு பேரையும் இன்றுதான் காண்கிறேன். இதைச் சொல்லாமல் பேசத் தொடங்க எனக்கு வரவில்லை. மனதில் வைத்திருந்து சொல்லிக் காட்டுகிற ஆள் நான். என்னோடு வேலை செய்த எல்லோருக்கும் அது தெரியும்.

என் பெயர் றெஜினோல்ட். றெஜி சேர் என்றால் கொட்டாஞ்சேனையில் அறிவார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர். உங்கள் சாப்பாட்டுக் கடைகளைப் பூட்டுகிறவன். பூச்சட்டித் தண்ணீரில் டெங்கு நுளம்புக் குடம்பி கண்டால் வழக்குப் போடுகிறவன். மாக்ரெட் யூஜினா கொரேரா குடும்பநல உத்தியோகத்தர். உங்கள் வாயில் மிட்வைப் மிஸ். பத்தொன்பது வருடம் ஒரே அலுவலகத்தில் எங்கள் மேசைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. என்னைக் கண்டால் சாத்துகிற கதவுகள் அவரைக் கண்டால் திறக்கும். அந்த வித்தியாசம் எனக்கு எப்போதும் கொஞ்சம் எரிச்சல்தான்.

எனக்குப் பதினைந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். அதற்குள் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, அவரைப் பற்றிச் சொல்வது. மற்றது, அவருடைய கணவருக்கும் மகளுக்கும் இதுவரை ஒருவரும் சொல்லாத ஒரு விடயத்தைச் சொல்வது. வீட்டுக்குப் போய்ச் சொல்ல நான்கு தடவை வெளிக்கிட்டேன். நான்கு தடவையும் ஆமர் வீதிச் சந்தியில் இறங்கி, எதிர்ப்பக்க பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டேன். ஆகவே எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன். பற்றிக், மாக்ரெட்டுக்குக் காய்ச்சல் வராமல் தடுக்க விழுங்கும் குளிசை நேரத்துக்குக் கிடைக்கவில்லை என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஏன் கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அதைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

என் முதுகுக்குப் பின்னால் ஒரு பதாகை தொங்குகிறது. அவருடைய படத்துக்குக் கீழே ‘தியாகச் சுடர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எதைத் தியாகம் செய்தார் அவர்? கையில் இருப்பதைத் தெரிந்துகொண்டு விட்டுக்கொடுப்பவரைத்தான் தியாகி என்கிறோம். அவருக்கென்று வந்த இரண்டு குளிசை அவர் கையில் இருந்து, அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு இறந்திருந்தால் இந்தச் சொல்லை நானே எழுதியிருப்பேன். அவருக்கு நேரத்துக்குத் தரப்படவே இல்லையே. தரப்படாத ஒன்றை ஒருவர் எப்படித் தியாகம் செய்வார்? இந்தச் சொல் யாருக்கு வசதி? இறந்தவருக்கா, மிச்சமிருக்கும் எங்களுக்கா?

கார்த்திகை மாதக் கடைசியில் அந்த வெள்ளி பின்னேரம் ஆற்றுப் பக்கத்திலிருந்து தண்ணீர் ஏறத் தொடங்கியது. சனிக்கிழமை காலை பாடசாலையில் முகாம் திறந்தோம். முதல் நாளே நானூற்றுப் பன்னிரண்டு பேர். மலசலகூடம் நான்கு, அதில் ஒன்றுக்குக் கதவில்லை. ஊழியர்கள் ஐந்து பேர். மாக்ரெட், நான், இளைய பரிசோதகர் மஹ்ரூப், வேறு பிரிவிலிருந்து அனுப்பப்பட்ட தாதி உஷாந்தி, துப்புரவுத் தொழிலாளி இராமலெட்சுமி. இந்த ஐந்து பெயரையும் நினைவில் வைத்திருங்கள்.

மாக்ரெட் முகாமுக்கு வந்ததும் செய்த முதல் வேலை, தன் பதிவேட்டைத் திறந்து கர்ப்பிணித் தாய்மாரை எண்ணியது. அவருடைய பிரிவில் பதினொரு பேர். பத்துப் பேர் முகாமிலோ சொந்தக்காரர் வீட்டிலோ இருப்பது உறுதியாகிவிட்டது. ஒருவரைக் காணவில்லை. ஷபீகா, எட்டு மாதம், முதல் பிள்ளை. ஒரே குழாயை இருபது வீடுகள் பாவிக்கும் தோட்டமொன்றில், மேல்மாடியில் இருக்கிறார் என்று தகவல் வந்தது.

எங்களுக்கு அன்று காலை ஐந்து சோடி பூட்ஸ் வந்திருந்தது. ஐந்தும் பத்தாம் இலக்கம். எங்களை ஒருவரும் கண்ணால் பார்க்காமல் அனுப்பிய பூட்ஸ். மாக்ரெட் ஒரு சோடியைப் போட்டுப் பார்த்தார். இரண்டு அடி வைத்ததும் தண்ணீர் உள்ளே நிரம்பியது. கழற்றிப் படியில் வைத்துவிட்டு இறப்பர் செருப்போடு இறங்கினார். அவருடைய குதிக்கால் இரண்டிலும் வெடிப்பு. பத்தொன்பது வருடம் வீடு வீடாக நடந்த கால் வேறு எப்படி இருக்கும்?

தோட்டத்து வாசலில் மஹ்ரூப் தடுத்தார். அவரை மாக்ரெட் சிங்களத்தில் ‘மல்லி’, தம்பி, என்றுதான் கூப்பிடுவார்.

“மிஸ், அடி வெளங்குதில்ல. சாக்கடைக் கானுக்கு மூடி இரிக்கோ இல்லயோ. போட் ஒண்டு கேட்டிரிக்கி, அது வந்தபொறகு போவம்.”

“மல்லி, உன்ட போட் வாற நேரம் அவ பெத்து, பிள்ளைக்குப் பேரும் வச்சிருப்பா.”

தண்ணீர் அவருக்கு இடுப்பளவு. நாற்றம் எப்படி என்று நான் சொல்லத் தேவையில்லை. இந்த மண்டபத்தில் பாதிப் பேர் அதற்குள் நின்றவர்கள். மஹ்ரூப் முன்னால் ஒரு தடியால் தட்டிக்கொண்டே போக, மாக்ரெட் பதிவேட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் போனார். மேல்மாடி ஜன்னலில் ஷபீகாவின் மாமியார்.

“எங்கட புள்ளய அனுப்ப ஏலா மிஸ். முகாம்ல ஆம்புளயளும் பொம்புளயளும் ஒரே மண்டபத்துல படுக்கிறாங்களாம்.”

“பொம்பிளையளுக்கு வேற வகுப்பறை எடுத்திருக்கிறன் ராத்தா. கதவுக்கு உள்பூட்டும் இருக்கு. வராட்டி பிள்ளைப்பேறு ஆர் பாக்கிறது, நீங்களோ?”

“நான் அஞ்சு பெத்தவ.”

“பெத்தது வேற, பிடிக்கிறது வேற. எங்க, கைய நீட்டுங்கோ பாப்பம். நடுங்குது, பாருங்கோ.”

“குளிருக்கு நடுங்குது.”

“பிள்ளைக்கும் குளிரும்தானே. இறக்குங்கோ அவவ.”

“இந்த மிஸ்ஸுக்கு நாக்கு நீளம்,” என்று மாமியார் சிரித்துக்கொண்டு உள்ளே போனாராம். ஒரு மேசையைத் தலைகீழாக மிதக்கவிட்டு, அதில் ஷபீகாவை இருத்தி, இருவருமாகத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அடுத்த மூன்று நாளும் மாக்ரெட் அதே தண்ணீரில் இறங்கினார். கர்ப்பிணிகளின் அட்டைகளை எடுக்க, ஒரு கிழவியின் இன்சுலினை எடுக்க, மற்றொருவரின் பற்செட்டை எடுக்க. பற்செட்டுக்காக ஏன் இறங்கினீர்கள் என்று கேட்டேன். “அது இல்லாட்டி அவர் எத சாப்பிடுறது சேர்? முகாம்ல ஒவ்வொரு நாளும் கொத்துரொட்டி.”

இப்போது குளிசைக்கு வருகிறேன்.

வெள்ளத் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். காலில் வெடிப்போ கீறலோ இருந்தால் கிருமி அதன் வழியாக ஏறும். எலிக்காய்ச்சல். நான் இருபத்திரண்டு வருடமாகப் பாடசாலைகளில் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. அதைத் தடுக்க டொக்சிசைக்ளின் என்ற குளிசை இருக்கிறது. ஏழு நாளுக்கு ஒரு தடவை, ஒரு கிழமைக்கு இரண்டு. எந்தப் பாமசியிலும் இருக்கும் சாதாரணக் குளிசை. அந்தக் கிழமை மட்டும் எங்கள் பக்கத்துப் பாமசிகள் தண்ணீருக்குள் இருந்தன.

திங்கட்கிழமை முகாமுக்குக் குளிசை வந்தது. சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதைக் கொடுப்பதில்லை. அவர்களைக் கழித்து, பட்டியலில் இருந்த இருநூற்று எண்பத்தேழு பேருக்கு, ஆளுக்கு இரண்டாக எண்ணி அனுப்பியிருந்தார்கள். ஒரு குளிசை கூடவுமில்லை, குறையவுமில்லை. பெயரைக் கூப்பிட்டு, முன்னால் நிறுத்தி, விழுங்கவைத்து, அடையாளம் இட வேண்டும். பெயர் இல்லாத ஆளுக்குக் குளிசை இல்லை. இந்த விதியை எழுதியது வேறு யாருமல்ல, நான். சில வருடங்களுக்கு முந்திய ஒரு வெள்ளத்தில், முகாம் மருந்தையெல்லாம் ஊழியர்களே விழுங்கிவிட்டார்கள் என்று ஒரு கதை கிளம்பியது. கோயில் வாசலில் வைத்து மாக்ரெட்டின் முகத்துக்கு நேரே சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவர் இன்று மலர்வளையத்தோடு வந்திருக்கிறார். நான் பெயர் சொல்லவில்லை. அந்தக் கதைக்குப் பிறகு எழுதிய விதி அது.

அன்று இருநூற்று எண்பத்தாறு பேர் விழுங்கினார்கள். ஒரு முதியவர் மட்டும் மகள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். அவருடைய இரண்டு குளிசையையும் மாக்ரெட் ஒரு கடித உறையில் போட்டு, அவருடைய பெயரை எழுதி, அலுமாரியில் வைத்தார்.

“அத நீங்க போடுங்க மிஸ்,” என்றார் மஹ்ரூப். “மூண்டு நாளா தண்ணிக்குள்ள நிண்டது நீங்கதானே.”

“அவர் திரும்பி வந்து கேட்டா உன்ட தலையையோ குடுக்கிறது?”

அவர் திரும்பி வரவில்லை. உறை இன்னும் அலுமாரியில் இருக்கிறது.

அப்படியானால் ஊழியர்களுக்கு? ஊழியர்களுக்குத் தனிப் படிவம். ஐந்து பேருடைய பெயர், பதவி, அடையாள அட்டை இலக்கம், பொறுப்பானவரின் கையொப்பம். பொறுப்பானவர் நான். அந்தப் படிவமும் அதே திங்கட்கிழமை, அதே வாகனத்தில் வந்தது.

சிங்களத்தில் மட்டும் வந்தது.

இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும், வாசிப்பேன், எழுதுவேன். தெரியாததால் வந்த பிரச்சினையல்ல இது. நான் எழுதிய பதவி உயர்வுப் பரீட்சையில் தமிழ் வினாத்தாள் முக்கால் மணித்தியாலம் பிந்தி வந்தது. வந்ததிலும் இரண்டு பக்கம் இல்லை. இரண்டு புள்ளியில் தவறினேன். மேன்முறையீடு செய்தேன்; பதில் சிங்களத்தில் வந்தது. அன்றிலிருந்து என் மேசைக்குச் சிங்களத்தில் மட்டும் வரும் ஒவ்வொரு கடிதத்தையும், ‘தமிழ்ப் பிரதி அனுப்பவும்’ என்று சிவப்புப் பேனையால் எழுதித் திருப்பி அனுப்புவேன். சட்டம் என் பக்கம். இந்த மேடையில் இருப்பவர்களில் எத்தனை பேர் என் சிவப்புப் பேனைக் கடிதங்களைக் குப்பையில் போட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு தடவைகூடத் தமிழில் எதுவும் வந்ததில்லை.

அந்தப் படிவத்தையும் திருப்பி அனுப்பினேன்.

அதை எனக்கு அனுப்பியவர் டிலான். மேடையில் இடமிருந்து நான்காவதாக இருக்கும் டிலான்தான். எனக்குக் கீழே வேலை பழகியவர், தமிழில் படித்தவர், நான் தவறிய பரீட்சையை இங்கிலிசில் எழுதி, இன்று எனக்கு மேலே இணைப்பாளராக இருப்பவர். அனுப்பியவர் என்ற இடத்தில் அவருடைய கையொப்பத்தைக் கண்டதும் என் பேனை சும்மா இருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவர் எனக்குப் போன் எடுத்தார்.

“சேர், இந்த ஒருக்கா மட்டும் நிரப்பி அனுப்புங்கோ. அஞ்சு பேர்தானே.”

“ஐஞ்சு பேரோ ஐயாயிரமோ, தமிழில அனுப்பும் தம்பி.”

“சேர் கஷ்டப்பட வேண்டாம். பெயர்கள மட்டும் போன்ல சொல்லுங்கோ. நானே நிரப்பி, நானே சைன் வச்சு, பின்னேரத்துக்குள்ள குளிசைய அனுப்புறன்.”

நான் என்ன சொன்னேன்? டிலான், உமக்கு நினைவிருக்கும். எனக்கும் இருக்கிறது. “முதலில் படிவம். பிறகு பெயர்.” அதைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

ஐந்து பெயர். சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்? மாக்ரெட், மஹ்ரூப், உஷாந்தி, இராமலெட்சுமி, றெஜினோல்ட். இப்போது சொன்னேனே, இவ்வளவு நேரம்தான். இதைச் சொல்லியிருந்தால் செவ்வாய் பின்னேரம் குளிசை வந்திருக்கும்.

பற்றிக், றஷ்மி, நான் சொல்ல வேண்டியிருந்தது இதுதான். குளிசையை நிறுத்தியது அரசாங்கமல்ல, வெள்ளமல்ல. நான். என் பக்கத்தில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தை இன்றும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. தமிழில் படிவம் கேட்டது பிழையல்ல. அதைக் கேட்க நான் பிடித்துக்கொண்ட தாளில் உங்கள் மனைவியின் பெயர் வர வேண்டியிருந்தது. அதுதான் பிழை.

இன்னும் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறோம். அங்கே பாமசிகள் திறந்திருந்தன. வெள்ளம் வந்த அடுத்த நாளே என் மனைவி ஒரு காட் குளிசை வாங்கி வந்துவிட்டார். ஒரு காட் என்றால் பத்துக் குளிசை. எனக்கு இரண்டு, அவருக்கு இரண்டு, இரண்டு பிள்ளைகளுக்கும் இரண்டிரண்டு, அடுத்த சனிக்கிழமைக்கு மறுபடி எனக்கு இரண்டு. முடிந்தது. மாக்ரெட்டின் பெயர் அந்தப் பத்துக்குள் எங்கேயும் வரவில்லை. இன்னொரு காட் வாங்கிக்கொண்டு போகலாமென்று நான் நினைக்கவேயில்லை. என் வயிற்றுக்குள் இரண்டு குளிசை இருந்தது. அதனால் ஒரு கிழமை முழுவதும் ஆறுதலாக இருந்து கொள்கை பேச முடிந்தது.

மாக்ரெட்டுக்கு நான் படிவத்தைத் திருப்பியது தெரியும். இரண்டு நாள் கழித்துக் கேட்டார்.

“சேர், மருந்துக்கு என்ன பாஷை?”

“உங்களுக்கு விளங்காது மிஸ். இது உங்களுக்காகவும்தான்.”

“ஓம், ஓம். சேர் ஒரு பக்கம் யுத்தம் செய்றார். நாங்க ஒரு பக்கம் தண்ணிக்குள்ள நிண்டு கொடி பிடிக்கிறம்.”

இராமலெட்சுமியும் உஷாந்தியும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. அன்று முழுவதும் நான் அவரோடு கதைக்கவில்லை. அவர் பிளேன்டீ கொண்டுவந்து மேசையில் வைத்தார், நான் குடிக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயது எனக்கு.

அடுத்த திங்கட்கிழமை படிவம் வந்தது. தமிழில் வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. டிலான் யாரையோ பிடித்து மொழிபெயர்த்து, தட்டச்சுச் செய்து அனுப்பியிருந்தார். அந்தத் தாளை நான் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் தெரியுமா? மஹ்ரூப்பைக் கூப்பிட்டுக் காட்டினேன். “கேட்டா வரும் தம்பி. ஒருத்தரும் கேக்கிறதில்ல,” என்றேன். ஐந்து பெயரையும் என் நல்ல கையெழுத்தில் நிரப்பினேன். மாக்ரெட்டுக்குக் காட்டலாமென்று வகுப்பறைக்குப் போனேன். அவர் பிள்ளைகள் இருந்து படிக்கும் ஒரு வாங்கில் படுத்திருந்தார். லேசான காய்ச்சல் என்றார்.

கொழும்பில் காய்ச்சல் என்றால் என்ன செய்வோம்? டெங்குவா என்று பார்ப்போம். எங்களுக்கு வேறு நினைப்பு வராது. செவ்வாய்க்கிழமை இரத்தம் கொடுத்தார். றிப்போட் நெகட்டிவ். அந்தத் தாளை அவர் ஆட்டிக்கொண்டு வந்த சந்தோஷம் உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் நீங்கள் எல்லோரும் அப்படித்தான் ஆட்டியிருக்கிறீர்கள். டெங்கு இல்லை. டெங்கு இல்லை. நானும் சொன்னேன், டெங்கு இல்லை. எலிக்காய்ச்சலைப் பற்றி இருபத்திரண்டு வருடம் பாடம் எடுத்த நானும், வீட்டுக்கு வீடு அதைச் சொல்லிய அவரும், இடுப்பளவு தண்ணீரில் நான்கு நாள் நின்ற ஒருவரின் காய்ச்சலுக்கு டெங்கு இல்லை என்று சந்தோஷப்பட்டோம். இரண்டு பனடோலை விழுங்கிவிட்டு அவர் இன்னும் இரண்டு நாள் வேலை செய்தார். புதன்கிழமை குளிசை வந்து சேர்ந்தது. மாக்ரெட்டும் விழுங்கினார். கையொப்பமும் இட்டார். அதற்குள் அது தடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது.

வெள்ளிக்கிழமை கெண்டைக்கால் நோவில் அவரால் நிற்க முடியவில்லை. கண் சிவந்திருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. முச்சக்கர வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனபோது கண் மஞ்சள். சிறுநீர் போகவில்லை. அப்போதும் அவர் தன்னைப் பற்றிக் கேட்கவில்லை.

“சேர், மூண்டு தாய்மாருக்குப் பிள்ளைப்பேற்றுத் திகதி கிட்டுது. என்ட இடத்துக்கு ஆரையாவது போடச் சொல்லுங்கோ.”

“போடுவினம். நீங்கள் கதைக்காமல் படுங்கோ.”

“போட மாட்டினம் சேர். உங்களுக்குத் தெரியும்தானே.”

நான் படிவத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். தாதி வந்து நேரம் முடிந்துவிட்டது என்றார். நேரம் இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது எனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை காலை அவர் இறந்துவிட்டார்.

வைத்தியர்களிடம் கேட்டேன். டிலான் போன் எடுத்த அந்தச் செவ்வாய்க்கிழமையே குளிசை கிடைத்திருந்தால் தப்பியிருப்பாரா என்று கேட்டேன். ஒருவர், தப்பியிருக்கலாம் என்றார். மற்றவர், முதல் நாளே கிருமி ஏறியிருக்கும், சொல்ல முடியாது என்றார். எனக்கு ஆறுதலாகச் சொன்னாரா, உண்மையாகச் சொன்னாரா? தெரியாது. மஹ்ரூப், உஷாந்தி, இராமலெட்சுமி மூவருக்கும் ஒன்றும் வரவில்லை. அது அவர்களின் அதிர்ஷ்டம். அதில் எனக்கு ஒரு பங்கும் இல்லை.

டிலான், நீர் கேட்டீர், நான் மறுத்தேன். அதை இந்தச் சபையில் சொல்வது என் கடமை. இதைச் சொல்வதால் உமக்கும் எனக்கும் இடையில் எதுவும் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். தமிழ்ப் படிவம் ஒன்றைச் செய்ய உமக்கு ஆறு நாள் போதும் என்றால், இருபத்திரண்டு வருடம் உங்களில் ஒருவரும் ஏன் செய்யவில்லை? ஐந்து பேர் வேலை செய்யும் முகாமுக்கு ஐந்து பேரின் குளிசையை, ஒரு படிவமும் கேட்காமல் அந்தப் பெட்டியிலேயே போட்டு அனுப்ப உங்களில் ஒருவருக்கும் ஏன் தோன்றவில்லை? கேட்கிறேன். பதில் வராது என்று தெரிந்தே கேட்கிறேன். இத்தனை வருடம் கேட்டுக் கேட்டு நான் கண்ட பலன், கேட்டுவிட்டால் என் வேலை முடிந்தது என்று நம்பியது.

அன்பர்களே, இந்த இடத்தில் பேச்சாளர் ஓர் உறுதிமொழி எடுக்க வேண்டும். அவர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று. எதை வைத்துத் தொடர்வது? அவருடைய இடத்துக்கு ஆள் போடவில்லை. உஷாந்தியை அவர் வந்த பிரிவுக்கே திருப்பி எடுத்துவிட்டார்கள். இன்னும் மழை இருக்கிறது என்கிறார்கள். மலசலகூடத்துக்கு இன்னும் கதவு போடவில்லை. என்னால் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அடுத்த முகாமில், கதவு திறக்க முதல், ஊழியர்கள் உங்கள் கண் முன்னால் முதலில் குளிசை விழுங்குவார்கள். நீங்கள் ஏசினாலும் விழுங்குவார்கள். படிவம் எந்த மொழியில் வந்தாலும் அன்றைக்கே நிரப்புவேன். தமிழ்ப் படிவம் கேட்கும் சண்டையை வேறு தாளில் போடுவேன். ஒரு மனுஷி செத்த பிறகு கண்டுபிடிக்க வேண்டிய விடயமா இது? இல்லை. ஆனால் நான் அப்போதுதான் கண்டுபிடித்தேன்.

பற்றிக், நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். நீங்கள் அப்படிப்பட்ட ஆள். பிறகு அது எனக்கு இலகுவாகிவிடும். றஷ்மி, நீர் என்னை அங்கிள் என்று கூப்பிடுவீர். இனிமேல் கூப்பிடாவிட்டால் நான் ஏன் என்று கேட்க மாட்டேன்.

கடைசியாக ஒன்று. மாக்ரெட் சொன்ன அந்த மூன்று தாய்மாரும் அவர் இறந்த பிறகு இந்தப் பன்னிரண்டு நாளில் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்துவிட்டார்கள். முதல் பத்து நாளுக்குள் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். ஒருவரும் போகவில்லை. கூட்டம் முடிந்ததும் நானும் மஹ்ரூப்பும் போகிறோம். பிள்ளை நிறுக்கும் தராசை எடுத்து வைத்திருக்கிறோம். தாய்க்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்க எங்களுக்குத் தெரியும். தொப்புளை எப்படிப் பார்ப்பது, பால் போதுகிறதா என்று எதை வைத்துச் சொல்வது, இதெல்லாம் எங்கள் இருவருக்கும் தெரியாது. போனாலும் பொம்பிளைகள் எங்களை உள்ளே விடுவார்களோ தெரியாது. பின்வரிசையில் இருக்கும் தாய்மாரே, உங்கள் பிள்ளைகளை அவர் பார்த்த விதத்தை நீங்கள் பக்கத்தில் இருந்து கண்டிருக்கிறீர்கள். உங்களில் யாராவது ஒருவர் எங்களோடு வாருங்கள். மூன்று வீடுதான். நடந்து போகிற தூரம்.